ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் (1972–2002): கிராமப் பள்ளிக்கு வந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள்

ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்பது மத்தியப் பிரதேச அரசின் நடுநிலைப் பள்ளிகளில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற கல்வி முயற்சி. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியலைப் பரிசோதனைகள் வழியே கற்க வேண்டும் என்பது இதன் நோக்கம். பாடநூல், ஆசிரியர் பயிற்சி, பரிசோதனைப் பொருட்கள், தேர்வு முறை ஆகிய நான்கையும் இத்திட்டம் ஒருசேர மாற்றியது. இதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் பணிபுரிந்த இளம் ஆய்வாளர்கள். அவர்களோடு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இணையாக நின்றனர்.

இளம் ஆய்வாளர்களைப் பள்ளிகளோடு இணைக்க வேண்டும் என்ற பேச்சு இன்று பல நாடுகளில் கேட்கிறது. இந்தியாவில் அத்தகைய இணைப்பு முப்பது ஆண்டுகள் நடந்து, வளர்ந்து, பின் ஓர் அரசாணையால் முடிவுக்கு வந்தது. அது எதனால் நிலைத்தது, எதனால் நிலைக்காமல் போனது என்பதை அறிய ஹோஷங்காபாத்தின் வரலாறு உதவும்.

இடம்

ஹோஷங்காபாத் மாவட்டம் நருமதை ஆற்றின் தென்கரையில், சாத்பூரா மலைத்தொடருக்கு வடக்கே அமைந்தது. சென்னையிலிருந்து தில்லி செல்லும் ரயில்கள் நின்று செல்லும் இட்டார்சி சந்திப்பு இம்மாவட்டத்தில்தான் உள்ளது. 2022-இல் இதன் பெயர் நருமதாபுரம் என்று மாற்றப்பட்டது. திட்டம் தொடங்கிய காலத்தில் இது பெரும்பாலும் வேளாண்மையை நம்பியிருந்த மாவட்டம். கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஆய்வகம் என்று தனியாக எதுவும் இல்லை. அறிவியல் பாடம் என்பது ஆசிரியர் வாசிக்க மாணவர் எழுதிக்கொள்ளும் பாடமாகவே இருந்தது.

பின்னணி

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியபின், மேலை நாடுகளில் பள்ளி அறிவியல் மீது பெருங்கவனம் திரும்பியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாளர்கள் 1956-இலேயே பள்ளி இயற்பியல் பாடத்தைத் திருத்தி எழுதும் பணியில் இறங்கியிருந்தனர். பிரிட்டனில் 1960-களில் நஃபீல்டு அறக்கட்டளையின் அறிவியல் பாடத்திட்டம் வந்தது. இவற்றில் முன்னணி அறிவியலாளர்கள் பள்ளிக்காக எழுதினார்கள். ஆனால் அவர்கள் பள்ளியை அடைந்தது பெரும்பாலும் அச்சிட்ட நூல் வழியாகத்தான்.

இந்தியாவில் இயற்பியலாளர் தௌ. சி. கோத்தாரி தலைமையிலான கல்விக்குழு 1966-இல் அறிக்கை அளித்தது. 1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை, பள்ளிக்கல்வி முடியும்வரை அறிவியலும் கணிதமும் பொதுக்கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என்றது. கொள்கை வந்துவிட்டது, அதை நடத்திக்காட்டப் பள்ளிகளில் பொருளும் இல்லை, முறையும் இல்லை.

அக்காலத்தில் அகில இந்திய அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் இயற்பியல் குழு, நஃபீல்டு வழியைப் பின்பற்றிச் செய்முறைப் பாடங்களை உருவாக்கி வந்தது. டேராடூனில் உள்ள டூன் பள்ளியின் ஆசிரியர் பி. ஜி. பித்ரே இதில் முக்கியப் பங்காற்றினார். அந்தப் பாடங்கள் வசதியான உறைவிடப் பள்ளிகளில் நடத்தப்பட்டன. அரசுப் பள்ளியில், அதுவும் மின்சாரமில்லாத கிராமத்துப் பள்ளியில் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் ஹோஷங்காபாத் திட்டம் பிறந்தது.

தொடக்கம்

அனில் சத்கோபால் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூலக்கூற்று உயிரியலாளர். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். அப்பணியை விட்டு வந்து, ஹோஷங்காபாத் மாவட்டத்தின் பன்கேடி வட்டாரத்தில் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். அதே மாவட்டத்தின் ரசூலியாவில் குவேக்கர் கிறித்தவ மரபைச் சேர்ந்த ‘ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர்’ என்ற ஊரக மையம் ஏற்கெனவே இயங்கி வந்தது. இவ்விரு அமைப்புகளும் சேர்ந்து, அரசு நடுநிலைப் பள்ளிகளில் புதிய முறையில் அறிவியல் கற்பித்துப் பார்க்க மாநில அரசிடம் அனுமதி கேட்டன.

அனுமதி கிடைத்தது. 1972-இல் 16 பள்ளிகளில் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியின் பாடத்திட்டத்தை மாற்றிப் பார்க்கும் உரிமையை வெளியமைப்புகளிடம் ஓர் அரசு ஒப்படைத்தது அன்று அரிதான செயல். தனியாக மாதிரிப் பள்ளி எதுவும் கட்டப்படவில்லை. இருந்த பள்ளி, இருந்த ஆசிரியர், இருந்த சம்பளம், இருந்த மாணவர் என்ற நிலையிலேயே வேலை நடந்தது. டாட்டா நிறுவனத்தின் இயற்பியலாளர் யஷ்பால் போன்றவர்கள் தொடக்கத்திலிருந்தே ஊக்கமளித்தனர். பயிற்சிகளில் நேரடியாகப் பங்கேற்றனர்.

பல்கலைக்கழகத்தின் வருகை

1973-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் குழுவாக இதில் சேர்ந்தனர். இயற்பியல் துறையினர் முன்னே வந்தனர். வேதியியல், உயிரியல் துறையினரும் தொடர்ந்தனர். பின்னாளில் நாடறிந்த கல்வியாளரான வினோத் ரெய்னா அப்போது தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த இளைஞர். பிற பல்கலைக்கழகங்கள், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், மத்தியப் பிரதேசத்தின் கல்லூரிகள் ஆகியவற்றிலிருந்தும் பலர் வந்தனர்.

இவர்கள் சொற்பொழிவாற்ற வரவில்லை. கோடை விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடந்த ஆசிரியர் பயிற்சியில் முழுநேரமும் தங்கினர். ஆசிரியர்கள் மாணவர்களைப் போல நால்வர் நால்வராக அமர்ந்து ஒவ்வொரு பரிசோதனையையும் தாமே செய்து பார்த்தனர். பல்கலைக்கழகத்தினர் அவர்களிடையே அமர்ந்து உடன் செய்தனர். பள்ளி நாட்களில் வகுப்பறைகளுக்குச் சென்று, பாடம் எப்படி நடக்கிறது, எந்தப் பரிசோதனை தவறிப்போகிறது, மாணவர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தனர். மாதந்தோறும் அந்தந்த வட்டார ஆசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டங்களும் நடந்தன.

இதில் இளம் ஆய்வாளருக்கு ஒரு தனிப் பயன் இருந்தது. ஆய்வகத்தில் நாள்தோறும் தவறிப்போகும் பரிசோதனைகளோடு வாழ்பவர் அவர். விடை வராதபோது என்ன செய்வது என்பது அவருக்குத் தொழில். பள்ளி ஆசிரியருக்கோ விடை தெரியாமல் நிற்பது மானக்கேடாகக் கருதப்பட்டது. “எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்” என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவரே சொல்வதைக் கேட்கும்போது, அப்படிச் சொல்லும் துணிவு ஆசிரியருக்கும் வருகிறது. இந்தத் திட்டம் பள்ளிக்குக் கொண்டுவந்த பொருட்களில் விலை மதிப்பில்லாதது இதுவே.

பாடநூல் உருவான முறை

திட்டத்தின் பாடநூல் வரிசைக்கு ‘பால் வைக்ஞானிக்’ என்று பெயர். ‘குழந்தை அறிவியலாளர்’ என்று பொருள். பாடம் முதலில் வரைவாக எழுதப்படும். ஆசிரியர் பயிற்சியில் அது செய்து பார்க்கப்படும். பின் வகுப்பறைக்குப் போகும். அங்கிருந்து வரும் குறைகளைக் கொண்டு திருத்தப்படும். நூலில் விடைகள் கொடுக்கப்படவில்லை. எதைச் செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், எதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்பனவே இருந்தன. மாணவர் தம் கண்டறிதல்களைத் தம் ஏட்டில் எழுதினர்.

சில பாடங்களைப் பார்த்தால் முறை விளங்கும். நீளத்தை அளக்கும் பாடத்தில் வகுப்பில் உள்ள எல்லோரும் ஒரே பொருளை அளப்பார்கள். அளவுகள் ஒன்றுபோல் வராது. எது சரி என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடும். அப்படிச் செய்யாமல், ஏன் வேறுபடுகிறது, எவ்வளவு வேறுபடலாம் என்று வகுப்பே பேசும். அளவீட்டில் பிழை என்பது திருட்டுத்தனம் அல்ல, அளப்பதன் இயல்பு என்பதைப் பதினொரு வயதில் ஒரு பிள்ளை அறிகிறது. ஆய்வாளர் ஒருவர் இதைப் பெரும்பாலும் கல்லூரிப் படிப்பில்தான் முறையாகப் படிக்கிறார்.

வேரையும் இலையையும் பற்றிய பாடத்தில் மாணவர்கள் வயல்வெளிக்குச் சென்று செடிகளைப் பிடுங்கி வருவார்கள். இலையின் நரம்புகள் வலைபோல் உள்ளனவா, இணைகோடுகளாக உள்ளனவா என்று பிரிப்பார்கள். வேர் ஆணிவேரா, சல்லிவேரா என்றும் பிரிப்பார்கள். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, வலைநரம்பு உள்ள செடிக்குப் பெரும்பாலும் ஆணிவேரும், இணைநரம்பு உள்ள செடிக்குச் சல்லிவேரும் இருப்பது தெரியவரும். இருவித்திலை, ஒருவித்திலை என்ற சொற்களை மனப்பாடம் செய்த மாணவருக்கும் தெரியாத உறவு இது. நெல்லையும் புல்லையும் வயலில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை.

தற்செயலையும் நிகழ்தகவையும் பற்றிய பாடத்தில் மாணவர்கள் நாணயத்தைச் சுண்டிச் சுண்டித் தலையா பூவா என்று எழுதிவைப்பார்கள். நடுநிலைப் பள்ளியில் நிகழ்தகவு கற்பிப்பது அன்று புதுமை. ஆசிரியர்களுக்கே அது புதிய பாடம் என்பதால் பயிற்சியில் அதற்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது.

பரிசோதனைப் பொருட்கள்

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பொருட்பெட்டி வழங்கப்பட்டது. விலையுயர்ந்த கருவிகளை வாங்கினால் அவை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அலமாரியில் பூட்டி வைக்கப்படும் என்பதைத் திட்டத்தினர் அறிந்திருந்தனர். ஆகவே உள்ளூரில் கிடைப்பவற்றைக்கொண்டு கருவிகள் செய்யப்பட்டன. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தாம் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1978-இல் இங்கு வந்தார். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளால் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறை அப்போது உருவானதுதான். குப்பையிலிருந்து பொம்மை, பொம்மையிலிருந்து அறிவியல் என்று அவர் பின்னர் வாழ்நாள் முழுதும் செய்த பணிக்கு இங்கேதான் விதை விழுந்தது.

சவாலிராம்

பிள்ளைகளின் கேள்விகளுக்காகத் திட்டத்தினர் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதரை உருவாக்கினர். இந்தியில் ‘சவால்’ என்றால் கேள்வி. மாணவர்கள் தங்கள் ஐயங்களைச் சவாலிராமுக்கு அஞ்சலில் எழுதி அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதப்பட்டது. பல கேள்விகளுக்கு விடை தேடிப் பல்கலைக்கழகத்தினர் நூலகம் போக வேண்டியிருந்தது. கிராமத்துப் பிள்ளைக்கும் ஆய்வாளருக்கும் இடையே ஓர் அஞ்சலட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் மாவட்டத்தில் இல்லாத மாதங்களிலும் உறவு அறாமல் இருக்க இது உதவியது.

தேர்வு மாற்றம்

கற்பிக்கும் முறை மாறி, தேர்வு மாறாமல் இருந்தால் பழைய முறை ஓராண்டுக்குள் திரும்பிவிடும். பெற்றோரும் ஆசிரியரும் தேர்வைப் பார்த்தே நடப்பார்கள். இதை உணர்ந்து, திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வை மாற்ற அரசின் இசைவு பெறப்பட்டது. எழுத்துத் தேர்வில் மாணவர் பாடநூலையும் தம் ஏட்டையும் உடன் வைத்துக்கொள்ளலாம். நூலைப் பார்த்து எழுத முடியாத வகையில் கேள்விகள் அமைந்தன. புதிய தரவு ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். தனியே செய்முறைத் தேர்வும் உண்டு.

இவ்வகைக் கேள்விகளை எழுதுவது எளிதல்ல. பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து அமர்ந்து வினாத்தாள் தயாரித்தனர். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நடந்த மிகக் கடினமான கூட்டுப்பணி இதுவே எனலாம்.

விரிவு

1978-இல் திட்டம் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் எல்லா அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கும், அதாவது இருநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, விரிந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் கீழ் போபாலில் இயங்கிய மண்டலக் கல்வியியல் கல்லூரி இதற்குத் துணைநின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் இப்பணியில் ஈடுபட நல்கை அளித்து உதவியது. ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் பள்ளிக்குச் செல்வதை அவருடைய சொந்தத் தொண்டாக மட்டும் பாராமல், அவர் பணியின் பகுதியாகவும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது.

1982-இல் ‘ஏகலவ்யா’ என்ற நிறுவனம் போபாலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. திட்டத்தை நடத்தும் பொறுப்பு அதற்கு வந்தது. வினோத் ரெய்னா பல்கலைக்கழகப் பணியை விட்டு விலகி இதில் முழுநேரமாக இணைந்தார். பின்வந்த ஆண்டுகளில் மாநிலத்தின் வேறு மாவட்டங்களிலும் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. ‘சக்மக்’ என்ற சிறுவர் அறிவியல் இதழ் 1985-இல் தொடங்கியது. திட்டம் முடிவுக்கு வந்த காலத்தில் 15 மாவட்டங்களில் சுமார் 1,000 பள்ளிகளும் ஏறத்தாழ 1 லட்சம் மாணவர்களும் இதில் இருந்தனர்.

இவ்விரிவைத் தாங்கியவர்கள் பள்ளி ஆசிரியர்களே. தொடக்க ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்களில் பலர் பின்னர் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் நிலைக்கு உயர்ந்தனர். ஆயிரம் பள்ளிகளுக்குப் போதுமான ஆய்வாளர்கள் எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. ஆய்வாளர் ஒருவர் நேரடியாகச் சென்ற பள்ளிகள் சில. அவரோடு பணியாற்றிய ஆசிரியர் வழியாக அவர் சென்றடைந்த பள்ளிகள் பல.

விமர்சனங்கள்

திட்டத்தின் மீது பல விமர்சனங்கள் எழுந்தன. அவற்றில் சில நியாயமானவை. இம்முறை எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதாம் வகுப்பில் மாணவர் மீண்டும் மனப்பாட முறைக்கே போனார். புதிய வகுப்பில் எதிர்பார்க்கப்பட்ட கலைச்சொற்களும் வரையறைகளும் அவருக்குப் பழக்கமாகியிருக்கவில்லை. மாநிலத்தின் மற்ற பிள்ளைகள் படிக்கும் பாடத்தை எங்கள் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்று பெற்றோர் கேட்டனர்.

பரிசோதனைப் பொருட்கள் தீர்ந்தபோது அவற்றை நிரப்புவது அரசு நிர்வாகத்தின் வேலை. கோப்பு நகரும் வேகத்தில் அது நடந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டால் அந்தப் பள்ளியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வகுப்பில் பரிசோதனை நடக்கும்போது எழும் சத்தத்தைக் கட்டுப்பாடின்மை என்று கருதிய தலைமையாசிரியர்களும் இருந்தனர். திட்டத்தினர் இவற்றை மறுக்கவில்லை. தங்கள் கூட்டங்களில் இவற்றைத்தான் தொடர்ந்து விவாதித்தனர்.

முடிவு

2002-ஆம் ஆண்டு ஜூலையில் மத்தியப் பிரதேச அரசு திட்டத்தை நிறுத்தியது. அதற்குமுன் மாவட்ட அளவில் இதை நிறுத்தக் கோரும் குரல் எழுந்திருந்தது. திட்டப் பள்ளி மாணவர்களின் தேர்ச்சி குறைவு என்பதும், மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் வேண்டும் என்பதும் முன்வைக்கப்பட்ட காரணங்கள். ஏகலவ்யா அக்காரணங்களை ஏற்கவில்லை. நாட்டின் பல அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். முடிவு மாறவில்லை. அந்தக் கல்வியாண்டிலேயே பள்ளிகள் மாநிலத்தின் பொதுப் பாடநூலுக்குத் திரும்பின.

முப்பது ஆண்டுப் பணி இவ்வளவு விரைவில் கலைந்ததற்குத் திட்டத்தின் கட்டமைப்பிலேயே காரணம் இருக்கிறது. பள்ளியில் நடந்த அனைத்தும் அரசின் அனுமதியில் நின்றன. அனுமதி திரும்பப் பெறப்பட்டதும் பற்றிக்கொள்ள வேறு கிளை இல்லை. பல்கலைக்கழகப் பக்கமும் நிலைமை இதுவே. நல்கையும் விடுப்பும் கிடைத்தவரை ஆய்வாளர்கள் வந்தனர். ஆனால் பள்ளிப் பணியைத் தம் நிரந்தரக் கடமையாக எந்தப் பல்கலைக்கழகமும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரைகள் எண்ணப்பட்டன. வகுப்பறை வருகைகள் எண்ணப்படவில்லை. முழுமனதோடு ஈடுபட விரும்பிய சத்கோபாலும் ரெய்னாவும் தம் பணிகளை விட்டுவிட வேண்டியிருந்தது. இரு கரைகளையும் இணைக்க வந்தவர் ஒரு கரையைத் துறந்தால்தான் முடியும் என்றால், அப்பாலத்தில் நடப்பவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

எஞ்சியவை

திட்டம் நின்றாலும் அதன் விளைவுகள் நிற்கவில்லை. சுமையில்லாக் கல்வி பற்றிய 1993-ஆம் ஆண்டுக் குழுவுக்கும், தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்கும் தலைமை தாங்கியவர் யஷ்பால். அவ்வடிவமைப்பைப் பின்பற்றி வந்த அறிவியல் பாடநூல்களில் செய்து பார்க்கும் செயல்களுக்குப் பெரும் இடம் கிடைத்தது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உருவாவதில் வினோத் ரெய்னா பங்கேற்றார். ‘பால் வைக்ஞானிக்’ நூல்களை ஏகலவ்யா இன்றும் பொதுவில் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதனோடு தொடர்பு உண்டு. 1980-இல் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனங்களைச் சேர்ந்த இளம் அறிவியலாளர்கள் முன்னின்று தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைத் தொடங்கினர். 1987-இல் நாட்டின் பல திசைகளிலிருந்து புறப்பட்ட மக்கள் அறிவியல் கலைப்பயணங்கள் நவம்பர் 7-ஆம் நாள், சர் சி. வி. ராமனின் பிறந்தநாளில், போபாலில் சந்தித்தன. அதில் ஏகலவ்யாவும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பங்கேற்றன. இப்பயணத்தின் தொடர்ச்சியாக உருவான அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பில் இரண்டும் இடம்பெற்றன. தமிழில் வெளிவரும் ‘துளிர்’ இதழும், ‘சக்மக்’ இதழும் இந்த இயக்கக் குடும்பத்தில் பிறந்தவை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘வானவில் மன்றம்’ திட்டத்தைத் தொடங்கியது. அறிவியல் பட்டம் பெற்ற இளைஞர்கள் பரிசோதனைப் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்குச் சென்று 6 முதல் 8 வகுப்பு வரையிலான மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். ஹோஷங்காபாத் தேர்ந்த அதே வகுப்புகள் இவை.

பிற நாடுகளின் அனுபவம்

ஹோஷங்காபாத் சந்தித்த சிக்கலைப் பிற நாடுகளும் சந்தித்தன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, அவர்கள் வாரத்தில் சில மணி நேரம் பள்ளி ஆசிரியரோடு வகுப்பறையில் பணிபுரிய வகை செய்தது. பள்ளிப் பணிக்கு ஊதியமும் உண்டு, அது பட்டப்படிப்பின் பகுதியும் ஆகும் என்பது அதன் சிறப்பு. 2011-ஐ ஒட்டி அறக்கட்டளை அதற்கான நிதியை நிறுத்தியது. நிதியைச் சார்ந்து நின்றது நிதியோடு போயிற்று.

பிரான்சில் 1992-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷர்பாக், 1996-இல் தொடக்கப் பள்ளிகளுக்கான செய்முறை அறிவியல் திட்டத்தைத் தொடங்கினார். சிகாகோ பள்ளிகளில் லியோன் லெடர்மன் செய்த பணியைக் கண்டு பெற்ற ஊக்கம் அது. அந்நாட்டு அறிவியல் கழகம் அதன் பின்னால் நின்றது. அறிவியல் மாணவர்கள் வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. பாடத்தை நடத்துபவர் ஆசிரியரே. 2011-இல் அது நிரந்தர அறக்கட்டளையாக மாற்றப்பட்டது. அமைச்சர்கள் மாறினாலும் தொடரும் வலு அதனால் கிடைத்தது.

மதிப்பீடு

மூன்று நாடுகளின் வரலாறும் ஒன்றையே சொல்கின்றன. ஆய்வாளர் பள்ளிக்கு ஒருமுறை வந்து வியப்பூட்டிச் செல்வதால் அறிவியல் கல்வி வலுப்பெறுவதில்லை. வியப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஹோஷங்காபாத்தில் பலன் தந்தது மாதந்தோறும் திரும்பி வந்ததும், ஆசிரியரைச் சக ஆய்வாளராக நடத்தியதும், பாடத்தோடு தேர்வையும் மாற்றியதும்தான். அங்கு பலன் தராமல் போனது ஒன்று உண்டு. வருபவரின் நல்ல மனத்தையும் அனுமதிப்பவரின் நல்ல மனத்தையும் மட்டும் நம்பிப் பெரிய வேலையை நிறுத்திவைத்ததே அது.

ஆகவே இளம் ஆய்வாளர்களைப் பள்ளிகளோடு இணைக்க முனையும் எந்தத் திட்டமும் முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பள்ளியில் செலவிடும் நாட்கள் ஆய்வாளரின் பணிக்கணக்கில் வருமா? அவரோடு உழைக்கும் ஆசிரியரின் பணிக்கணக்கில் வருமா? இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் பதில் இருந்தால், திட்டத்தை நடத்தும் அமைச்சரும் அதிகாரியும் மாறினாலும் பள்ளியில் நாணயம் சுண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த எழுத்து ஹோஷங்காபாத்துக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாமலேயே அது முப்பது ஆண்டுகள் நடந்தது.